ஐயா கோடும் அம்மா கோடும்

நகர மன்றக் கூட்ட அரங்கின் பின்சுவரை ஒட்டி ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்திருப்பவளை உறுப்பினர்கள் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மைக் வேலை செய்யாத நேரத்தில் மட்டும் நாற்பத்தோரு பேரும் ஒரே சமயத்தில் திரும்பி முறைப்பார்கள். பத்தொன்பது வருஷமாக அவளுக்கு மைக்கம்மா என்றுதான் பெயர்.

அவள் ஆசைப்பட்டு வாங்கிய வேலை அல்ல அது. அவள் புருஷன் அதே கட்டடத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்தான். ஒரு நாள் மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாலு வயது மகளோடு வந்து நின்றவளுக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுத்தார்கள். முதலில் பார்வையாளர் மாடத்தைப் பெருக்கினாள், உறுப்பினர்களின் மேஜையில் தண்ணீர் வைத்தாள். பிறகு பழைய மைக் ஆபரேட்டர் ஓய்வு பெறப்போகிறார் என்றதும் அந்த நாற்காலிக்கு ஆள் தேடினார்கள். ஒருவரும் வரவில்லை. வருவார்களா? கூட்டத்தில் பேசப்படுகிற ஒவ்வொரு பேச்சையும் முதல் வார்த்தை முதல் கடைசி வார்த்தை வரை கேட்டே தீரவேண்டிய ஒரே ஆள் மைக் ஆபரேட்டர்தான். உறுப்பினர்களுக்கே அந்தத் தலையெழுத்து கிடையாது. தப்பிக்கத் தெரியாத இவள் தலையில் அதைக் கட்டிவிட்டார்கள்.

பழைய ஆபரேட்டர் இரண்டே நாளில் வேலையைச் சொல்லிக்கொடுத்தார். பலகையில் நாற்பத்தோரு பொத்தான்கள் வரிசையாக இருந்தன. மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். பலகையின் குறுக்கே அவர் பேனாவால் இரண்டு கோடுகள் போட்டு வைத்திருந்தார். மேலே கறுப்புக் கோடு, அதற்கு இரண்டு விரல் கீழே சிவப்புக் கோடு. கறுப்பு ஐயா கோடு, சிவப்பு அம்மா கோடு.

"ஆம்பளை எந்திரிச்சா மேல் கோடு, பொம்பளை எந்திரிச்சா கீழ் கோடு. அவ்வளவுதான் வேலை. மாத்தினேன்னு வை, ஸ்பீக்கர் ஊளையிடும். தலைவர் உன்னைக் கடிச்சுக் குதறிடுவார்" என்றார் அவர்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் காலத்து ஸ்பீக்கர்கள் அப்படி. மெல்லிய குரல் எதையாவது கொஞ்சம் ஏற்றினால் போதும், கிய்ய்ய் என்று அரங்கமே காதைப் பொத்திக்கொள்ளும். மைக்கம்மா சொன்னபடி செய்தாள். பழகப் பழக யார் எழுந்திருக்கிறார்கள் என்று பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டதுமே விரல் தானாகப் போய் அந்தந்தக் கோட்டில் நிற்கும்.

எட்டு வருஷத்துக்கு முன்பு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புது ஸ்பீக்கரும் புதுப் பலகையும் கொண்டுவந்தார்கள். பொருத்த வந்த ஆள் வேலையை முடித்துவிட்டுத் திரும்பினால், இவள் ஸ்கேல் வைத்துப் புதுப் பலகையில் இரண்டு கோடுகள் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"இது எதுக்கும்மா?" என்றான்.

"இது இல்லாட்டி ஊளையிடும் சார்."

அவனுக்குப் பசி. சிரித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு அவன் இரண்டு நிமிஷம் நின்று பேசியிருக்கலாம். ஆனால் அவனைக் குறை சொல்லி என்ன செய்ய, கோட்டைப் போட்டது இவள் கைதான்.

மன்றத்தில் ஆறு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் பேச எழுந்தால் அரங்கில் ஒரு மாதிரி சலசலப்பு கிளம்பும். ஒருவர் போனை எடுப்பார், ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பிள்ளையின் கல்யாணத்தைப் பற்றி விசாரிப்பார். பெண் மெதுவாகப் பேசினால் "கேக்கலைம்மா" என்பார்கள். சத்தமாகப் பேசினால் "ஏம்மா கத்துறீங்க, இது என்ன உங்க வீட்டு அடுப்படியா?" என்பார்கள். சிரித்தபடி பேசினால் விளையாட்டாக இருக்கிறதா என்று கேட்பார்கள். ஆறு பேரில் ஒருவர் ஓய்வு பெற்ற டீச்சர். பள்ளிக்கூடம் இடிந்து விழுந்ததைச் சொல்லும்போது ஒரு தடவை அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. மறுநாள் பேப்பரில் 'கண்ணீர் விட்டார்' என்று போட்டார்கள், அதன் பிறகு அவர் எழுந்து பேசியதே இல்லை. அதே அரங்கில் வக்கீல் என்று எல்லோரும் கூப்பிடுகிற உறுப்பினர் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது மேஜையைக் குத்தி, தொண்டை கமற, கண்ணைத் துடைத்துக்கொள்வார். அதற்கு 'உருக்கமான முழக்கம்' என்று பெயர். அவர் குரலுக்கு மைக்கே வேண்டாம், இருந்தாலும் ஐயா கோடு அவருக்கு உண்டு.

மைக்கம்மாவும் ஊரோடு ஒத்துத்தான் நினைத்தாள். பொம்பளைங்களுக்குப் பேச வரலை, எடுத்த எடுப்பிலேயே கத்துறாங்க என்று வீட்டில் மகளிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். பத்தொன்பது வருஷம் பேச்சு கேட்டவள் சொன்னால் மகள் நம்பாமல் என்ன செய்வாள்.

பெண் உறுப்பினர்களில் கடைசி வரிசை இருபத்தேழாம் நாற்காலிக்காரர் நர்ஸாக வேலை பார்த்தவர். ஏழு வருஷமாக உறுப்பினர், எல்லோருக்கும் நர்ஸம்மா. கூட்ட நாளில் ஊழியர்கள் உறுப்பினர்களோடு பேசக் கூடாது என்று விதி இருந்தது. பெண்கள் கழிவறையில் மட்டும் விதி செல்லாது. ஒரு நாள் நர்ஸம்மா அங்கே வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். துப்பிய தண்ணீரில் ரத்தம் கீற்றாக இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? ஆஸ்பத்திரியில என் குரலைக் கேட்டா நோயாளி தூங்கிடுவாங்கன்னு சொல்வாங்க. இங்க வந்தா மட்டும் ஏன் எனக்குத் தொண்டை கிழியுது?"

"மைக் அப்படித்தாங்க" என்றாள் மைக்கம்மா.

அந்தப் பதில் அவளுக்கே ருசிக்கவில்லை. ஆனாலும் மறந்துபோயிருப்பாள், காப்பக விஷயம் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மன்றம் நடத்துகிற குழந்தைகள் காப்பகம் ஒன்று உண்டு. முப்பத்தெட்டுக் குழந்தைகள். காலை ஆறரைக்குத் திறந்துவிடுவார்கள் என்பதால் ஆலை வேலைக்குப் போகிற பெண்களுக்கு அதுதான் கதி. அதை மூடிவிட்டு அந்த இடத்தில் மன்றத்து வண்டிகளை நிறுத்தலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. மைக்கம்மாவின் மூன்று வயதுப் பேத்தி அங்கேதான் இருந்தாள். மகள் தையல் ஆலையில் சட்டைக் காலர் தைக்கிறாள். மருமகன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். காப்பகம் மூடினால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு என்று அவன் ஏற்கெனவே சொல்லிவிட்டான், அதையும் சந்தோஷமாகச் சொன்னான்.

தீர்மானத்தை எதிர்த்துப் பேசப்போவது நர்ஸம்மா. தலைவரை விட்டுவிட்டால் அவர் பக்கம் பதினேழு பேர், எதிர்ப்பக்கம் பத்தொன்பது பேர். நாலு பேர் இரண்டு மனதாக இருந்தார்கள். நாலு பேரும் பெண்களைப் பெற்றவர்கள், பேச்சைக் கேட்டுவிட்டு முடிவு செய்கிறோம் என்றார்கள். நர்ஸம்மா வீடு வீடாக ஏறி முப்பத்தெட்டுத் தாய்மாரிடமும் கடிதம் வாங்கினார். மைக்கம்மாவின் மகளும் ஒன்று எழுதிக் கொடுத்தாள். அம்மாவிடம் காட்டவில்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் காலை. மைக்கம்மா வழக்கம்போல ஒவ்வொரு மைக்காகச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். இருபத்தேழுக்கு வந்ததும் கை நின்றது. என்னதான் ஆகிவிடும் பார்ப்போமே என்று அந்தப் பொத்தானை ஐயா கோட்டுக்குத் தள்ளிவிட்டு, படி இறங்கிப் போய் நர்ஸம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊளைச் சத்தத்துக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

ஊளை இல்லை. அவள் குரல் மட்டும் அரங்கம் முழுக்க, மாடம் வரைக்கும் போய்த் திரும்பியது. சாதாரணமாகத்தான் பேசினாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரல்தான். இன்னும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "என் பேத்தி அங்கதான் இருக்கா" என்றாள். காலி நாற்காலிகள் எல்லாம் அதைத் தெளிவாகக் கேட்டன.

எட்டு வருஷம். எட்டு வருஷமாக எந்த ஸ்பீக்கரும் ஊளையிட்டிருக்காது. ஆறு பெண்கள் பாதி மைக்கில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள், கத்துகிறார்கள் என்று ஊரே சிரித்தது, டீச்சர் வாயை மூடிக்கொண்டார், இவளும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து உச்சுக்கொட்டினாள். வெட்கமாக இருந்தது. ஆத்திரமும் வந்தது, ஆனால் யார் மேல் என்று பார்த்தால் தன்மேல்தான் வந்து நின்றது. அந்த நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் அழுதாள். மைக் திறந்திருந்ததால் அதுவும் நன்றாகக் கேட்டது, எழுந்து போய் அணைத்தாள்.

நாளைக்கு நர்ஸம்மாவுக்கு ஐயா கோடு என்று முடிவு செய்துவிட்டாள். நல்ல முடிவுதான். ஆனால் அதை நர்ஸம்மாவிடம் சொல்லவில்லை. போன் நம்பர் இருந்தது, சாயங்காலம் இரண்டு தடவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். நர்ஸம்மா யாரிடமாவது வாய்தவறிச் சொல்லி, யாரைக் கேட்டு ஏத்தினே என்று தலைவர் கூப்பிட்டுக் கேட்டால்? எட்டு வருஷமா என்னத்தடீ பண்ணினே என்று கேட்டால்? சத்தம் நன்றாக வந்தால் போதாதா, சொல்லித்தான் தெரியவேண்டுமா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனைக் கீழே வைத்தாள்.

மறுநாள் மாடத்தில் உட்கார இடமில்லை. தலைவர் பெயரைக் கூப்பிட்டதும் நர்ஸம்மா எழுந்தார். இருபத்தேழாம் பொத்தான் கறுப்புக் கோட்டில் நின்றது. மைக்கம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாய்க்குள் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸம்மா ஏழு வருஷமாகச் செய்வதைத்தான் செய்தார். மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்து, மூச்சை நிரப்பி, முதல் வாக்கியம் காணாமல் போய்விடக் கூடாதே என்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தார்.

"தலைவர் அவர்களே!"

இடி விழுந்தது போல இருந்தது. முன்வரிசையில் ஒருவர் கையிலிருந்த தண்ணீரை மடியில் கொட்டிக்கொண்டார். மாடத்தில் காதைப் பொத்தினார்கள். மைக்கம்மாவே ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். தலைவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நர்ஸம்மாவைப் பார்த்தார். வக்கீல் சும்மா இருப்பாரா? மெதுவாக எழுந்தார்.

"தலைவர் அவர்களே, அம்மா காப்பகத்துக்காகப் பேசுறாங்களா, இல்ல அங்க தூங்குற குழந்தைங்களை எழுப்பிவிடுறாங்களா?"

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த நாலு பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

நர்ஸம்மா வெலவெலத்துப் போய்விட்டார். ஆனாலும் கெட்டிக்காரி, மைக்கிலிருந்து ஒரு அடி விலகி நின்றார். பேச்சை ஓரமாக வைத்துவிட்டுக் கடிதங்களைக் கையில் எடுத்தார். குரலைத் தாழ்த்தி, நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலில், "ஒரு தாய் எழுதியிருக்காங்க" என்று ஆரம்பித்தார். அந்த மூன்று வார்த்தையும் அரங்கத்தின் மூலை முடுக்கெல்லாம் அவ்வளவு சுத்தமாகப் போய்ச் சேர்ந்தது. மைக்கம்மா நாற்காலி நுனிக்கு வந்தாள். இதோ, இதோ என்று மனசுக்குள் சொன்னாள்.

அப்போது தலைவர் கண்ணாடி அறையைப் பார்த்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார். குறை என்று அர்த்தம்.

யோசிக்க நேரம் இருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரமாவது இருந்தது. அவள் யோசிக்கவில்லை. பத்தொன்பது வருஷத்துக் கை அது, தலைவரின் கை அசைந்து முடிப்பதற்குள் பொத்தானை இழுத்துச் சிவப்புக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

நர்ஸம்மா தாழ்ந்த குரலிலேயே வாசித்துக்கொண்டு போனார். அரங்கில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய சலசலப்பு கிளம்பியது. "சத்தமாப் பேசுங்கம்மா, இப்ப ஒண்ணும் கேக்கலை" என்று யாரோ கத்தினார், அதற்கும் சிரிப்பு. நர்ஸம்மா கடிதத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். குரலை ஏற்றுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. ஏற்றவில்லை.

மைக்கம்மா ஹெட்போனைத் தேடி எடுத்து மாட்டினாள். அரங்கத்துச் சலசலப்பு அதற்குள் வராது, எல்லாம் கேட்டது. 'நான் தையல் ஆலையில் காலர் தைக்கிறேன். என் மகளைக் காப்பகத்தில் விட்டால்தான் எனக்கு வேலை. வேலை இருந்தால்தான் எங்கள் வீட்டில் என் பேச்சு எடுபடும். தயவுசெய்து மூடாதீர்கள்.' அது தன் மகள் எழுதியது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. விரல் பொத்தான் மேலேயே இருந்தது. மேலே தள்ளவேண்டும், அவ்வளவுதான். தலைவர் இன்னும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு வக்கீல் பேசினார். மேஜையைக் குத்தினார், நகரத்தின் வளர்ச்சி என்று உறுமினார், அவர் கத்திய கத்தலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. யாரும் காதைப் பொத்தவில்லை. கை தூக்கச் சொன்னபோது நாலு பேரும் அவர் பக்கம் தூக்கினார்கள். இருபத்து மூன்றுக்குப் பதினேழு. காப்பகத்தை மாதக் கடைசியில் மூடுவது என்று முடிவாயிற்று.

கழிவறையில் நர்ஸம்மா குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார். மைக்கம்மா கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு கோடு, புது ஸ்பீக்கர், எட்டு வருஷம், நேற்றுக் காலை, இன்றைக்கு ஏற்றியது, இறக்கியது. ஒன்றையும் மறைக்கவில்லை. திட்டட்டும், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நின்றாள்.

நர்ஸம்மா திட்டவில்லை. குழாயை மூடினார்.

"வீட்லயும் நான் மீட்டிங்ல பேசுற மாதிரி கத்துறேன்னு எம் புருஷன் சொல்வார். பிள்ளைங்களும் சொல்லும். நான் அப்படித்தான் பிறந்தேன் போலன்னு நினைச்சிட்டேன்" என்றார். அப்புறம், "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா மெதுவா ஆரம்பிச்சிருப்பேனேக்கா" என்றார்.

நர்ஸம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த தேர்தலில் அவர் கட்சி அந்த இடத்துக்கு வேறு ஆளை நிறுத்தியது, அம்மாவுக்குப் பேச்சு சரியாக வரவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

அதே வாரத்தில் தலைவர் அலுவலகத்திலிருந்து முத்திரை குத்திய உத்தரவு ஒன்று கண்ணாடி அறைக்கு வந்தது. அவையின் கண்ணியம் கருதி, பெண் உறுப்பினர்களின் மைக்குகளைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது. அதுவரை பேனாக் கோடாக இருந்தது சட்டமாகிவிட்டது. மைக்கம்மா பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அதெல்லாம் பிறகு நடந்தது. கூட்டம் முடிந்த அன்றைக்கு அவள் காப்பகத்துக்குப் போய்ப் பேத்தியை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஐந்தரைக்கு மகள் ஆலையிலிருந்து வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னாச்சும்மா?"

"போச்சுடி."

மகள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பேத்தி ஓடிவந்து அவள் மடியில் ஏறினாள்.

"எப்பத்திலிருந்து?"

"மாசக் கடைசி."

"நர்ஸம்மா பேசினாங்களா?"

"பேசினாங்க."

"எங்க லெட்டரையெல்லாம் வாசிச்சாங்களா?"

"வாசிச்சாங்க. உன்னோடதைத்தான் முதல்ல வாசிச்சாங்க."

"அப்புறமும் ஏம்மா?"

உண்மை அத்தனையும் மைக்கம்மாவின் நாக்கு நுனியில் இருந்தது. மத்தியானம் கழிவறையில் அந்நிய மனுஷியிடம் மளமளவென்று கொட்ட முடிந்தது. பெற்ற மகள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சட்டென்று வாயில் வந்தது வேறொன்று, யாருமே சந்தேகப்படாத ஒன்று.

"நர்ஸம்மா கொஞ்சம் கத்திட்டாங்கடி."

மகள் பையைக் கீழே வைத்தாள். குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நினைச்சேன். இந்தப் பொம்பளைங்க யாருக்குமே பேசத் தெரியலை. அந்த வக்கீல் மாதிரி ஒரு ஆம்பளைக்கிட்டக் கொடுத்திருக்கணும்மா நம்ம லெட்டரை" என்றாள்.

மைக்கம்மா ஆமாம் என்று தலையாட்டினாள்.